எரியவிருந்த காட்டிலிருந்து ஒரு பதில்

1

போன கிழமை அந்தக் காட்டுக்குத் திரும்பவும் போயிருந்தேன். நாங்கள் அதை எரித்து ஒரு வருடம் முடிந்திருந்தது.

‘எரித்து’ என்று எழுதியதும் கல்முனையில் இதை வாசிக்கிறவர்கள் திடுக்கிடக்கூடும். இங்கே, அவுஸ்திரேலியாவின் தென்புறத்தில், காட்டை எரிப்பதும் ஓர் அரச வேலைதான். கோடையில் பெருந்தீ வந்து ஊர்களை விழுங்காமலிருக்க, இலையுதிர் காலத்தில் காற்று அடங்கிய நாளாகப் பார்த்து, காட்டின் ஒரு துண்டைத் தாங்களே கொளுத்துவார்கள். கொளுத்துவதற்கு முன் அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, பிறகு எவை மிஞ்சுகின்றன, எவை திரும்பி வருகின்றன என்று பார்ப்பதற்கு ஓர் ஆய்வுக்குழு உண்டு. அதில் நான் பன்னிரண்டு கிழமை உள்ளகப் பயிற்சி செய்தேன். இப்போது அங்கேயே சிறிய வேலை ஒன்றில் இருக்கிறேன்.

ஒரு வருடக் கணக்கெடுப்புக்குப் புதிய பயிலுனர்கள் வந்திருந்தார்கள். கரிபிடித்த மரத்தண்டுகளில் அடியிலிருந்து நுனிவரை தளிர்கள் மயிர்போல அடர்ந்து முளைத்திருந்தன. அவற்றைப் படமெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை கேட்டாள், இந்த இடத்தில் எப்போதாவது விசித்திரமாக ஏதும் நடந்திருக்கிறதா என்று. புதிதாக வருகிற எல்லோரும் கேட்பதுதான். ஆளரவமற்ற காட்டில் நாள் முழுக்க நின்றால் கேட்கத் தோன்றும்.

எங்கள் பொறுப்பாளர் ஹெலன் என்னைப் பார்த்தார். நான் “இல்லை” என்றேன்.

அங்கே இல்லை என்றதை இங்கே எழுதுகிறேன். நடந்தது நம் கரையோரத்து மனிதர் ஒருவருக்கு. அவரிடம் கேட்டு, அவர் ஓம் என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

2

ஊரில் நான் விஞ்ஞான ஆசிரியை. இங்கு வந்த பின் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் பல வருடம் வேலை செய்தேன். மகள் ஹனா பெரிய வகுப்புக்குப் போனதும், நானும் படிப்போம் என்று இயற்கைப் பாதுகாப்பில் ஒரு கற்கைநெறியில் சேர்ந்தேன். அதை முடிக்க வெளிக்களப் பயிற்சி கட்டாயம். விண்ணப்பப் படிவத்தில் ‘காட்டில் வேலைசெய்த அனுபவம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. சம்மாந்துறை வட்டையில் வாப்பாவுக்கு வயல் இருந்ததையும், யானை வந்த இரவுகளில் காவல்குடிசை விளக்குகள் வரிசையாக எரிவதைப் பார்த்திருப்பதையும் எழுதினேன். அது அனுபவமாகுமா என்று தெரியவில்லை. ஹெலன் நேர்முகத்தில் அதைப் பற்றி மட்டும்தான் கேட்டார்.

கூடப் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு என் வயதில் பாதி. முதல் நாளே ஒரு கோமாளித்தனம் நடந்தது. “எரிபொருள் எவ்வளவு என்று அளந்து வாருங்கள்” என்று ஹெலன் ஆங்கிலத்தில் சொன்னார். நான் நேரே வாகனத்துக்குப் போய், தாங்கியில் அரைவாசி டீசல் இருக்கிறதென்று எழுதிக்கொண்டு வந்தேன். அவர்களுடைய பேச்சில் எரிபொருள் என்றால் காட்டுத்தரையில் கிடக்கும் சருகும் பட்டையும் சுள்ளியும். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் யோசித்துத்தான் வாயைத் திறந்தேன்.

வேலை கஷ்டமில்லை. சருகின் ஆழத்தை அளவுகோலால் குத்திப் பார்ப்பது, பொந்துள்ள மரங்களுக்கு இலக்கத் தகடு அடிப்பது, மிருகங்கள் நடமாடும் தடங்களில் தானியங்கிக் கமரா கட்டுவது. அணிலைவிடச் சற்றுப் பெரிதான, வாலில் தூரிகைபோல் கறுப்பு மயிர் விரிந்த ஒரு பிராணி அந்தக் காட்டில் இருக்கிறது. எரித்த பின் அது என்ன ஆகிறது என்பதுதான் எங்கள் ஆய்வின் முக்கிய கேள்வி. அதற்காகவும் ஆந்தைகளுக்காகவும், நான் சேருமுன்பே, நான்கு மரங்களில் ஒலிப்பதிவுப் பெட்டிகள் கட்டியிருந்தார்கள். சூரியன் உதிக்கும்போது ஒரு மணித்தியாலம், படும்போது ஒரு மணித்தியாலம் அவை தாமாகவே பதிந்துகொள்ளும். கிழமைக்கொருமுறை நான் போய் உள்ளிருக்கும் அட்டையை மாற்றி எடுத்து வருவேன்.

கிழமை நாட்களில் அங்கேயே ஆய்வு விடுதியில் தங்கினேன். காடு முழுவதிலும் போன் சமிக்ஞை கிடைப்பது ஒரே இடத்தில், ஒரு சின்னக் குன்றின் உச்சியில். வேலை முடிந்ததும் அங்கே ஏறி கல்முனையிலுள்ள என் தங்கச்சி நஸ்ரினாவுக்கு எடுப்பேன். எனக்கு மஃரிப் தொழுகை நெருங்கும் அந்தி நேரம், அவளுக்கு லுஹர் முடிந்து மதியச் சோறு தின்னும் நேரம். அவளுடைய வீட்டின் கொங்கிறீற் கூரைக்குள் சமிக்ஞை ஒழுங்காக வராது. எனவே ஒவ்வொரு நாளும் கூச்சல்தான்.

“கேக்குதா? கேக்குதாடி? எங்க நிக்காய்? வெளிய வா!”

அவள் முற்றத்துக்கு வந்த பிறகுதான் கதை தொடங்கும். அதுவரை அந்தக் குன்றில் நின்று தொண்டை கிழியக் கத்துவேன். சுற்றிவர ஒரு மனிதரும் இல்லை என்ற தைரியம்.

3

மார்ச் முடிந்து குளிர் தொடங்கியிருந்தது. காட்டை எரிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லைகளில் அறிவித்தல் பலகைகள் நட்டார்கள். பாதைகளுக்குச் சங்கிலி போட்டார்கள்.

அந்த நாட்களில் அடிக்கடி வட்டை ஞாபகம் வரும். அறுவடை முடிந்து வைக்கோலுக்கு நெருப்பு வைக்கும் காலம். சம்மாந்துறைப் பக்கம் வானம் மண்ணிறமாகி, புகை காற்றோடு கடற்கரைவரை வரும். நெருப்பின் ஓரமாக மைனாக்களும் கொக்குகளும் வரிசையில் நிற்கும், தப்பியோடும் பூச்சிகளைப் பிடிக்க. வாப்பா நெருப்பு வைப்பதற்கு முன் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வயலை ஒரு சுற்றுச் சுற்றுவார். உள்ளே கிடப்பதெல்லாம் போகட்டும் என்று. இங்கே அந்த வேலையை ஹெலிகொப்டரில் செய்கிறார்கள். வெப்பத்தைப் பார்க்கும் கமராவோடு மேலே பறந்து, உள்ளே ஆட்கள் இல்லை என்று படிவத்தில் கையொப்பமிடுவார்கள். கையொப்பம் ஆகியிருந்தது.

பெட்டிகளில் பதிந்த ஒலிகளைக் கணினிதான் முதலில் பிரிக்கும். ஆந்தை, தவளை, காற்று, வாகனம், மனிதக் குரல். மனிதக் குரல் என்று வந்தால் கேட்கவே கூடாது, உடனே அழித்துவிட வேண்டும். அது ஆட்களின் அந்தரங்கம் என்று ஒரு விதி. கணினிக்கு விளங்காதவை ‘அடையாளமற்றவை’ என்ற கோப்பில் சேரும். அவற்றைக் காதால் கேட்டுப் பிரிப்பது பயிலுனரின் வேலை.

அன்று காலை பதினொரு மணியிருக்கும். ஆய்வுக்குழுவின் கந்தோரில் காதுக்கருவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளத்தாக்கில் கட்டியிருந்த முதலாவது பெட்டியின் பதிவு. ஓர் ஆந்தை. மரம் உரசும் சத்தம். பிறகு ஒரு நீண்ட ஓசை, அடித்தொண்டையிலிருந்து இழுத்து இழுத்து வந்தது. ‘அடையாளமற்றது, மிருகமாக இருக்கலாம்’ என்று கணினி போட்டிருந்தது.

நான் இன்னொரு தரம் கேட்டேன்.

“ஓ…ம். கேக்கு…து.”

மூன்றாம் தரம் கேட்டேன். கொஞ்சம் இடைவெளி விட்டு அதே குரல், “இஞ்சதான் நிக்க…ன்.”

தோணியில் நிற்பவர் கரையில் நிற்பவருக்குக் குரல் கொடுப்பதுபோன்ற இழுவை. யாழ்ப்பாணத் தமிழல்ல, இந்தியத் தமிழுமல்ல. அக்கரைப்பற்றுக்கும் திருக்கோவிலுக்கும் இடையில் எந்தக் கடற்கரையிலும் கேட்கக்கூடிய பேச்சு. சுற்றிவர நூறு மைல் தூரத்தில் அந்தப் பேச்சைப் பேசுகிற ஒரே ஆள் நான் என்று நினைத்திருந்தேன்.

அந்த மனிதர் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவரின் குரல் மட்டும் இல்லை.

4

விதிப்படி அதை அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. ஒருவரிடமும் சொல்லவுமில்லை. யாரோ வழிப்போக்கர், மலையேற வந்த தமிழர், தன் நண்பரைக் கூப்பிட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த கிழமை முதலாவது பெட்டியில் ஒன்றுமில்லை. நிம்மதியாக இருந்தது. இரண்டாவது பெட்டியைக் கேட்டேன். அது பள்ளத்தாக்குக்கும் குன்றுக்கும் நடுவே, ஒரு பழைய தண்ணீர்க்குட்டைக்குப் பக்கத்தில் இருந்தது.

“ஓம்… கேக்குது… வாற…ன்.”

அதற்கடுத்த கிழமை மூன்றாவது பெட்டியில்.

எங்கள் உம்மாவுக்கு ஒரு பயம் இருந்தது. மஃரிப் நேரத்தில் வெளியிலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் நாங்கள் பதில் சொல்லிவிடக்கூடாது. “ஒரு சத்தத்துக்கு ஓம் எண்டு சொல்லிராதங்க. மூணு தரம் கூப்பிடட்டும். மனிசன் எண்டா திரும்பக் கூப்பிடுவான்” என்பார். விஞ்ஞானம் படிப்பித்தவள் நான், இதையெல்லாம் சிரித்துத் தள்ளியவள். அந்தக் கிழமை வேலை முடிந்து குன்றில் ஏறும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். மரங்கள்தான் நின்றன. அவை எப்போதும் நிற்பதுபோலத்தான் நின்றன.

பாடசாலை விடுமுறை வந்தது. கணவருக்கு வேலை, ஆகவே ஹனாவை என்னோடு விடுதிக்குக் கூட்டிப் போனேன். ஹனாவுக்குப் பதினான்கு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நஸ்ரினா போனில் வந்தால் ‘சலாம் சாச்சி’ என்ற இரண்டு சொல்லோடு ஓடிவிடுவாள். எங்களுக்குள் சண்டை இல்லை. ஒரே வீட்டில் இரண்டு வானொலிகள் வேறு வேறு அலைவரிசையில் ஓடுவதுபோல இருந்தோம்.

நான்காவது பெட்டி குன்றின் அடிவாரத்தில் இருந்தது. அதன் அட்டையை எடுத்து வந்து, கந்தோரில் உட்கார்ந்து கேட்டேன். இந்தத் தரம் குரல் இழுத்துக் கூப்பிடவில்லை. பெட்டிக்கு மிகப் பக்கத்திலிருந்து, மூச்சு வாங்க, தணிந்து வந்தது.

“வாறன். வாறன். கொஞ்சம் நில்லு.”

காதுக்கருவியைக் கழற்றி மேசையில் போட்டேன். என் முகத்தைப் பார்த்த ஹனா எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் அதை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டாள். அவளுக்கு அந்தத் தமிழ் விளங்கவில்லை. திரையில் ஒலியின் அளவைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள். பிறகு அபூர்வமாகத் தமிழில் சொன்னாள்.

“உம்மா, இது நீங்க.”

“என்ன?”

“பின்னால, தூரத்தில. ஒரு ஆள் கத்துது. அது நீங்க.”

வாங்கிக் கேட்டேன். ஆணின் மூச்சுக்குப் பின்னால், காற்றுக்கும் பின்னால், ஊசி முனை அளவில் ஒரு பெண்குரல். சொற்கள் சரியாகப் பிடிபடவில்லை. பிடிபடத் தேவையுமில்லை. கேக்குதா, எங்க நிக்காய், வெளிய வா.

போனை எடுத்து நஸ்ரினாவுக்கு நான் எடுத்த அழைப்புகளின் நேரங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு பதிவும் அந்த நேரங்களோடு பொருந்தியது. மூன்று கிழமையாக நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் பதில் சொல்லிச் சொல்லி, பெட்டி பெட்டியாக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

காட்டைக் கொளுத்த இரண்டு நாட்கள் இருந்தன.

5

ஹெலனிடம் ஓடினேன். அவசரத்தில் ஆங்கிலம் என்னைக் கைவிட்டது. ‘என் ஊரிலிருந்து ஒருவர் எனக்குப் பதில் சொல்கிறார்’ என்றேன். ஊரிலிருந்து போன் வந்ததாக அவர் விளங்கிக்கொண்டு, வீட்டில் யாருக்கும் சுகமில்லையா என்று கேட்டார். “இல்லை, காட்டுக்குள். என்னுடைய குரலுக்கு” என்றேன். ஹெலன் கதிரையை இழுத்துப் போட்டு, தேநீர் ஊற்றித் தந்து, மன அழுத்தத்துக்கு உதவி பெறுவது பற்றிய துண்டுப் பிரசுரத்தை மேசையில் வைத்தார். நல்ல மனதோடுதான் வைத்தார்.

நான் பேச்சை நிறுத்திவிட்டு, காதுக்கருவியை அவரிடம் நீட்டினேன்.

கேட்டு முடித்து, “என்ன சொல்கிறார்?” என்றார்.

“கொஞ்சம் நில், வருகிறேன் என்கிறார்.”

ஹெலன் அதை இன்னொரு தரம் ஓட்டிக் கேட்டார். பிறகு போனை எடுத்தார். எரிப்புக்குப் பொறுப்பான அதிகாரியின் பதில் எனக்கே வெளியில் கேட்டது. ஹெலிகொப்டரில் பார்த்தாயிற்று, நடந்தும் பார்த்தாயிற்று, உள்ளே ஒருவரும் இல்லை, கையொப்பம் இருக்கிறது. அதோடு, அழித்திருக்க வேண்டிய பதிவை ஒரு பயிலுனர் எப்படி வைத்திருந்தார்? அந்தக் கேள்விக்கு ஹெலன், “அதை நான் பிறகு எழுதித் தருகிறேன். நாளைக்கு மதியம்வரை எனக்கு நேரம் தாருங்கள்” என்றார்.

மறுநாள் விடிந்ததும் ஹெலனும் நானும் போனோம். குன்றில் ஏறவில்லை. அவர் எங்கிருந்து வந்தாரோ அந்த வழியைப் பின்பக்கமாகப் பிடித்தோம். நான்காவது பெட்டி, மூன்றாவது, இரண்டாவது. பள்ளத்தாக்கில் இறங்கியதும் பறவைச் சத்தம் குறைந்தது. அந்தப் பகுதி நூறு வருடங்களுக்கு முன் தங்கம் தோண்டிய நிலம். தரையெல்லாம் மேடும் பள்ளமும், புதர் மூடிய பழைய சுரங்க வாய்களும். உள்ளே விழுந்துவிடக்கூடாதென்று, முதலாவது பெட்டியைத் தாண்டி எங்களை வேலைசெய்ய விடுவதில்லை.

“இங்கே கூப்பிடுங்கள்” என்றார் ஹெலன்.

தெரியாத ஒருவரை என்னவென்று கூப்பிடுவது? கடைசியில், தினமும் கூப்பிட்டதைத்தான் கூப்பிட்டேன்.

“கேக்குதா? எங்க நிக்கீங்க? வெளிய வாங்க!”

ஒன்றுமில்லை. மரப்பட்டை ஒன்று கழன்று விழுந்தது. இரண்டாம் தரம் கூப்பிட்டேன். காற்றுக்கூட இல்லை. மூன்றாம் தரம் கூப்பிட்டேன்.

“ஓம்.”

முன்னாலிருந்து அல்ல. எங்கள் முதுகுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில். ஹெலன் என் கையைப் பிடித்த இடத்தில் நகம் பதிந்த அடையாளம் இரண்டு நாள் இருந்தது.

திரும்பினோம். நாங்கள் தாண்டி வந்த புதரடியில், நிலத்திலிருந்து எழுந்ததுபோல ஒரு மனிதர் நின்றார். சுரங்க வாயிலிருந்து ஏறி வந்திருக்கிறார். அறுபதை நெருங்கும் வயது. தாடி மார்புவரை. மழைக்கோட்டுக்குக் கீழே இடுப்பில் கட்டிய சாரம். கையில் ஒன்றுமில்லை. என் தலையிலிருந்த முக்காட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அப்போது அணைந்தது. அதை நான் கண்ணால் கண்டேன்.

“நீ கமலா இல்லயே” என்றார்.

“இல்ல அண்ணன். நான் கல்முனை. உங்கட ஊர் எது?”

“வினாயகபுரம்.” சற்றுப் பொறுத்து, “நீங்கதானா புள்ள கூப்பிட்டீங்க?”

“ஓம், நான்தான். தங்கச்சிக்குப் போன் கதைச்சன். உங்களுக்குக் கேக்கும் எண்டு தெரியாது.”

“கேட்டிச்சு” என்றார். “நல்லாக் கேட்டிச்சு.”

பிறகு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

6

அவரைத் தவராசா என்று எழுதுகிறேன். வினாயகபுரத்தில் கடற்றொழில். கல்முனைச் சந்தைக்குப் பல நாள் மீன் கொண்டுவந்திருக்கிறார். எங்கள் தெருவைச் சொன்னதும் முனையில் இருந்த ஐஸ் கொம்பனியைச் சரியாகச் சொன்னார். ஒரு காலத்தில், தமிழ்-முஸ்லிம் கலவர நாட்களில், அவருடைய ஆட்கள் எங்கள் தெருவுக்கு வரப் பயந்தார்கள், நாங்கள் அவர்களுடைய ஊருக்குப் போகப் பயந்தோம். அதை இருவருமே கதைக்கவில்லை. ஹெலன் கொடுத்த பாணைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றபடி, தன் கதையைத்தான் சொன்னார்.

படகில் வந்தவர். இந்நாட்டில் பல வருடங்களாக முடிவு தெரியாமல் இருப்பவர்களில் ஒருவர். தோட்டமொன்றில் மரக்கறி பறிக்கும் வேலை. ஒரு நாள் அரச கந்தோர் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. வாசித்துச் சொல்ல ஆளில்லாததால் போனில் படமெடுத்து மொழிபெயர்க்க விட்டார். ‘நீங்கள் நீக்கப்பட்டுவிட்டீர்கள். மாற்றப்படுவீர்கள்’ என்று போன் சொன்னது. பிடித்து அனுப்பப்போகிறார்கள் என்று விளங்கிக்கொண்டு, அரிசிப் பை ஒன்றோடும் தூண்டில் கம்புகளோடும் அன்றைக்கே காட்டுக்குள் இறங்கிவிட்டார். பிறகு போனில் உயிர் போயிற்று. பழைய சுரங்கத்துக்குள் படுக்கை. விடியற்காலையில் நீர்த்தேக்கத்தில் மீன். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் இன்னும் உள்ளே போய்விடுவார், தன்னைத் தேடுகிறார்கள் என்று. அதனால்தான் மேலேயிருந்து பார்த்தவர்களுக்கு அவருடைய உடம்பின் சூடு தெரியவில்லை.

கடிதத்தை மடித்து மடித்து பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தார். வாங்கி வாசித்தேன். அவருடைய கோப்பு ஒரு கிளையின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு வேறொரு கிளைக்கு மாற்றப்படுகிறது, அவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று இருந்தது. நீக்கப்பட்டதும் மாற்றப்படுவதும் கோப்புத்தான். இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். அவர் அழவுமில்லை, கோபப்படவுமில்லை. “அப்ப என்னை ஒருத்தரும் தேடல்லயா?” என்று மட்டும் கேட்டார்.

“நீங்க ஆருக்கு எண்டு நினைச்சுப் பதில் சொன்னீங்க, அண்ணன்?” என்று நான் கேட்டேன்.

பாணைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

“கடல் வந்த நாள், புள்ள, சுனாமி. நான் தென்னையில ஏறிட்டன். கமலா, என்ட பொஞ்சாதி, கீழ தண்ணிக்குள்ள. எங்க நிக்கீங்க, எங்க நிக்கீங்க எண்டு கத்திறா. எனக்குக் கேக்குது. நான் வாய் திறக்கல்ல. திறந்தா இறங்க வேணும். இறங்கினா நானும் போயிருவன். மறுகா சத்தம் நிண்டுட்டு.” கையிலிருந்த பாணைப் பார்த்தார். “இஞ்ச காட்டுக்குள்ள அதே மாதிரி ஒரு பொம்புளக் குரல் வரக்குள்ள, இந்தத் தரமாவது சொல்லுவம் எண்டுதான்.”

மதியத்துக்கு முன் அவர் எங்களோடு வெளியே வந்தார். பொலிஸுக்கு அறிவிக்கவேண்டியது ஹெலனின் கடமை, அறிவித்தார். விசாரித்து எழுதிக்கொண்டு, ஒரு இரவு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு நகரத்திலுள்ள ஒரு தமிழ்க் குடும்பம் தங்கள் பின்னறையைக் கொடுத்தது. விசா இன்றுவரை முடிவாகவில்லை. காடு ஒரு நாள் பிந்தி எரிந்தது. நெருப்பு பள்ளத்தாக்கில் இறங்கி அந்தச் சுரங்க வாய்க்கு மேலாகப் போனதை நான் எல்லைப் பாதையில் நின்று பார்த்தேன். புகை முதலில் உள்ளே இழுபட்டு, பிறகு வெளியே வந்தது, யாரோ மூச்சு விடுவதுபோல.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியவில்லை. பயிற்சியின் இறுதியில், நான் சேர்வதற்கு முந்திய மாதங்களின் ‘அடையாளமற்றவை’ கோப்புகளையும் பிரிக்கத் தந்தார்கள். அவற்றிலும் அவருடைய குரல் இருந்தது. ஓம். கேக்குது. நான் அந்தக் காட்டில் கால் வைப்பதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே. ஹனா செய்ததுபோல ஒலியைக் கூட்டிப் பார்த்தேன். பின்னால் ஒன்றுமில்லை. காற்று மட்டும்.

தனிமையில் மனம் தானாகவே குரல் எழுப்பும் என்று எனக்குத் தெரியும். என்றாலும், நான் வருமுன் யாருக்குப் பதில் சொன்னீர்கள் என்று ஒரு நாள் அவரிடமே கேட்டுவிட்டேன்.

“நீங்க எப்ப வந்தீங்க?” என்றார் அவர்.

சொன்னேன். ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்து, அது ஆறும்வரை குடிக்காமலே வைத்திருந்தார். நான் அதற்குமேல் கேட்கவில்லை. அந்தப் பதிவுகளை விதிப்படி அழித்துவிட்டேன்.

7

ஊரில் அவருக்கு ஒரு மகள் இருந்தாள். கடல் வந்த நாளில் சித்தி வீட்டில் நின்றதால் தப்பியவள். பெயர் சுகந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அவளுக்குக் கல்யாணமாகி, அதே ஊரில் இருக்கிறாள். அவளுடைய இலக்கம் செத்துப்போன போனுக்குள் இருந்தது. ஆகவே நஸ்ரினாவிடம் சொன்னேன்.

“வினாயகபுரமா? அங்க எனக்கு ஆரத் தெரியும், ராத்தா?”

“எனக்கும் ஆரையும் தெரியாது. போய்க் கேளு.”

அவள் ஒரு ஓட்டோ பிடித்து, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று கரையோர வீதியால் ஒன்றரை மணித்தியாலம் போனாள். பர்தா போட்ட ஒரு பெண், கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் தவராசாவின் வீடு எது என்று கேட்டிருக்கிறாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, “அவர் செத்திட்டாரே புள்ள” என்றார்கள்.

அவரோடு தோட்டத்தில் வேலை செய்த யாரோ, இங்கே ஓர் ஆற்றில் தமிழர் ஒருவரின் உடல் கிடைத்ததாம், அது அவராக இருக்கலாம் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார். அழைப்பும் இல்லை, பதிலும் இல்லை. வீட்டார் மாதக்கணக்காகக் காத்திருந்துவிட்டு, உடலில்லாமலே எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் சடங்குகளையும் செய்து முடித்துவிட்டார்கள்.

நஸ்ரினா அந்த வாசலில் நின்று எப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவள் இப்போதும் சரியாகச் சொல்வதில்லை. “முதல்ல தண்ணி கேட்டன்” என்பாள்.

அந்த நேரம் நான் நகரத்தில், அந்தப் பின்னறையில், தவராசா அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஹனாவும் வந்திருந்தாள், தானாகவே கேட்டு. அவர் தாடியை மழித்து, யாரோ கொடுத்த வெள்ளைச் சேர்ட்டுப் போட்டிருந்தார். ஹனா தன் போனை ஒரு கோப்பையில் சாய்த்து அவர் முகம் தெரியும்படி வைத்தாள். நஸ்ரினாவின் முகம் வந்தது, பிறகு திரை ஆடியது, பிறகு சுகந்தி.

அவள் நெடுநேரம் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில், அவருடைய படம் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, துணிப்பூ மாலையோடு தொங்கியது. அதன் கீழே சின்ன மின்விளக்கு ஒன்று எரிந்தது. தவராசா அண்ணன் மகளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், திரும்ப மகளைப் பார்த்தார்.

“ஆரு?” என்றாள் சுகந்தி. கேள்வி நஸ்ரினாவிடமா அவரிடமா என்று தெரியவில்லை.

“அப்பாதான் மக.”

“அப்பா எண்டா, எனக்குக் காலில என்ன காயம்?”

“வலது கால். நண்டு வெட்டினது. நீ அழல்ல. நான்தான் அழுதன்.”

எங்கள் பக்கத்தில் ஹனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தத் தமிழ் எவ்வளவு விளங்கியதோ தெரியாது. அவள் கை மெல்ல வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது.

சுகந்தி எழுந்தாள். திரையில் அவளுடைய முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு கதிரையை இழுத்து, அதில் ஏறி, படத்திலிருந்து மாலையைக் கழற்றினாள். விளக்கின் வயரை இழுத்தாள். கீழே இறங்கியவள், கழற்றிய மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கடைசியில் கையில் பிடித்தபடியே வந்து தகப்பனுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.